கருவாட்டுப் பெட்டியில் இரண்டு றாத்தல் தேயிலை

குருநகர்
20.9.1984

அன்பு மகள் யசிந்தாவுக்கு,

மாதாவின் காவலில் நானும் அப்பாவும் சிசிலியாவும் நல்ல சுகம். லண்டன் குளிரில் நீயும் தடிமன், இருமல் இல்லாமல் இருக்கவேண்டுமென்று தினமும் செபிக்கிறேன். இதை எழுதத் தொடங்கி மூன்று தரம் சிரித்துவிட்டேன், அப்பா முற்றத்திலிருந்து "உனக்கு என்ன பிடிச்சிட்டுது" என்கிறார், எழுத்துக் கோணினால் குறை சொல்லாதே.

தங்கச்சிக்குப் பேசின கனிசியஸ், அட்டனில் தேயிலைத் தொழிற்சாலையில் தேநீரைச் சுவைத்துத் தரம் பிரிக்கிறவர் என்று எழுதியிருந்தேனே, அவர் பெண் பார்க்க வருவதற்கு மூன்று மாதம் முந்தியே தங்கள் முதல்தரத் தேயிலை இரண்டு றாத்தல் அனுப்பியிருந்தார். எலியும் எறும்பும் தொடாமல் அதை வீட்டில் பூட்டுள்ள ஒரே பெட்டிக்குள் வைத்தேன். அப்பாவின் சுறாக் கருவாட்டுப் பெட்டி. அது நாறுமே என்று எங்கள் மூவருக்கும் தோன்றவேயில்லை, பிறந்த நாளிலிருந்து அந்த வாடைக்குள் கிடக்கிற மூக்கு என்னத்தைக் கண்டது. ஞாயிறு பூசை முடிந்து அவர் வந்தார், சிசிலியா தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு மிடறுதான், மனிதர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு "உங்களுக்கு இந்தத் தேயிலையை வித்த கள்ளன் ஆர், மாமி" என்று கேட்டார். நீங்கள் அனுப்பியதுதான் தம்பி என்று எந்த வாயால் சொல்வது? முன்னே இரண்டு சம்பந்தம் தட்டிப்போனதில் பிள்ளை எப்படி ஒடுங்கிப்போனாள் என்று உனக்குத் தெரியும், இதுவும் போச்சுது என்றே நினைத்தேன்.

அவள்தான் வாய் திறந்தாள். "நீங்கள் அனுப்பினதுதான், கருவாட்டுப் பெட்டியிலை வைச்சனாங்கள், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியேல்லை" என்று சொல்லித் தன் கோப்பையை ஒரே மூச்சில் குடித்துக் காட்டினாள். அவர் கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார். தேயிலை பக்கத்திலிருக்கிற மணத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளுமாம், கப்பலில்கூட அதை ஏலம், கராம்போடு சேர்த்து ஏற்றமாட்டார்களாம், சுறாவோடு வைத்த தேயிலையை இன்றைக்குத்தான் குடிக்கிறாராம். போகும்போது "ஓம் மாமி, எனக்குச் சம்மதம், ஆனால் வீட்டிலை தேயிலையை நான்தான் எடுத்து வைப்பன்" என்றார். தையில் கலியாணம்.

மகள், மற்ற றாத்தலை ஆடியில் உனக்கு அனுப்பினேன் அல்லவா, அதுவும் அதே பெட்டியில் கிடந்ததுதான். பொட்டலத்தைப் பிரித்ததும் காரணம் தெரியாமல் அழுதேன் அம்மா என்று எழுதியிருந்தாய். பிள்ளைக்கு அங்கே என்ன துன்பமோ என்று ஒரு கிழமை நான் சரியாகச் சாப்பிடவில்லை. காரணம் இப்போதுதான் விளங்குகிறது, உன் மூக்கு எங்கள் வீட்டுக்கு வந்துபோயிருக்கிறது.

ஆண்டவர் உன்னைத் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். தைக்கு லீவு கேட்க மறக்காதே. அந்தத் தேயிலையைக் குடிக்கவேண்டாம், எறியவும் வேண்டாம்.

உன் அன்பு அம்மா,
மரியநாயகி