மேஜைக்கு அடியில் அப்பா

என் வாயாடி மகளுக்கு அம்மா எழுதுவது. என் முழங்கால் வலியையும் உன் அப்பாவின் வீம்பையும் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

நீ ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே வீடு வாங்கியதிலிருந்து அப்பா உன்னோடு பேசாமல் இருக்கிறாரே, அந்த வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்றவர் அந்தப் பிடிவாதத்திலிருந்து இறங்கி வரவே இல்லை. ஆனால் புது வீட்டுக்கு ஒரு பழைய சாப்பாட்டு மேஜை வேண்டும், புதிதாகச் செய்து பழசு என்று விற்பதில் ஏமாறக் கூடாது என்று நீ எனக்கு எழுதினாயே, அதைப் படித்ததிலிருந்து மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் ஒரு நாற்காலி மிச்சமில்லாமல் கவிழ்த்துப் பார்த்தாயிற்று. பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னால் இவர் குனிந்து அவருடைய மேஜைக்கு அடியில் பார்க்கிறார், எனக்கு மானமே போயிற்று.

போன வாரம் பழைய சாமான் கடைக்குப் போனோம். நூறு வருஷத்து மேஜை என்று கடைக்காரர் ஒன்றைக் காட்டினார், வார்னிஷ் பளபளவென்று, அங்கங்கே பூச்சி அரித்த ஓட்டை வேறு, நான் மயங்கியே போனேன். அப்பா என் ஊக்கைக் கழற்றி வாங்கி ஓட்டைக்குள் விட்டார், சர்ரென்று நேராக இறங்கியது. பூச்சி வளைந்து வளைந்துதான் அரிக்கும், இது துளைபோட்ட ஓட்டை என்று சொல்லிவிட்டு டார்ச்சோடு அடியில் நுழைந்தார். அங்கேயும் வார்னிஷ். கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு அந்தக் காலத்தில் யார் மெனக்கெட்டுப் பூசினார்கள் என்று உள்ளேயிருந்தே கேட்டார். கால் வைக்கும் குறுக்குக்கட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே சீராகத் தேய்ந்திருந்ததாம், ஆள் உட்காராத இடம்கூட எப்படித் தேயும் என்று ஒரே நக்கல். அதற்குள் இவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, நானும் அந்தக் கடைக்காரருமாகத்தான் இழுத்து வெளியே எடுத்தோம்.

அப்புறம் மூலையில் தூசி படிந்து கிடந்த ஒன்றைப் பார்த்தார். அடிப்பலகை பூச்சில்லாமல் காய்ந்து, கையால் ரம்பம் இழுத்த கோடு கோணல்மாணலாக இருந்தது. கட்டையில் நாலே இடத்தில்தான் தேய்மானம், ஒரு இடம் மட்டும் நல்ல பள்ளம். நாற்காலியை இழுத்துப்போட்டு அந்தப் பள்ளத்தில் காலை வைத்து உட்கார்ந்து பார்த்தார். பிறகு இதையே வாங்கிவிடலாம் என்றார்.

லாரிக்காரர் உன் வீட்டு வாசல் எவ்வளவு அகலம் என்று கேட்டபோதுதான் அப்பா அகப்பட்டுக்கொண்டார். பார்க்காத வீட்டின் வாசல் எப்படித் தெரியும்? என் முகத்தைப் பார்த்தார். அவளை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள் என்று நான் திரும்பிக்கொண்டேன். மறுநாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: “அந்தப் பள்ளம் இருக்கிற பக்கம் யாரையும் உக்கார வைக்காதேன்னு அவளுக்கு எழுது. அது நான் வந்து உக்கார்ற இடம்.” அவர் தட்டில் இன்னொரு கரண்டி நெய் விட்டேன் கண்ணம்மா, அவ்வளவு சந்தோஷம்.

இருவரும் ஒற்றுமையாக, நோய்நொடி இல்லாமல் இருங்கள். மறக்காமல் வாசலை அளந்து வை. அளவை என்னிடம் சொல்லாதே, அப்பாவைக் கூப்பிட்டுச் சொல். போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தூங்குகிற மாதிரி நடிக்கிறார்.

இப்படிக்கு,
இன்னும் ஊக்கு திரும்பி வராத
உன் அம்மா