எழுதாமல் விட்ட கதவு

பதுளை
18.10.1983

அன்பு மகன் மொஹிதீனுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், கட்டாரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். குளிர் வந்ததும் வாப்பாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது, எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுங்கள் என்றால் கடையில் வேலை இருக்கிறது என்கிறார், கடையில் இருப்பதோ அவரும் ஈயும்தான். உன் தங்கை ஸல்மாவுக்குப் பண்டாரவளையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது, பையன் குணமானவன், தாய்க்காரியின் வாய்தான் கொஞ்சம் நீளம், விசாரித்துக்கொண்டிருக்கிறோம். நீ வெயிலில் வெறுந்தலையோடு திரியாதே, ரொட்டியை மட்டும் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

ஆடிக் கலவரத்தில் நம் புடவைக் கடை தப்பியது உம்மாவின் சாமர்த்தியத்தால்தான் என்று வாப்பா எழுதினார், நீயும் கெட்டிக்காரி உம்மா என்று மெச்சி எழுதியிருக்கிறாய். வாப்பா எழுதாமல் விட்டதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அன்று தமிழர் கடைகளைத் தேடிக் கொளுத்துகிற ஆட்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ‘இது முஸ்லிம் கடை’ என்று சிங்களத்தில் நம் கதவில் வெண்கட்டியால் எழுதினேன். வரிசையிலிருந்த நம் ஆட்கள் எல்லோரும் டீச்சர் எங்களுக்கும் என்று கூப்பிட்டார்கள், ஓடி ஓடி எழுதிக் கொடுத்தேன். நம் பக்கத்துத் தையல் கடை நல்லையா தன் மகள் புஷ்பராணியோடு வந்து, டீச்சரம்மா, எங்க கதவுலயும் அப்புடியே எழுதிவுடுங்க, யாரு வந்து பாக்கப் போறாங்க என்று கேட்டார். நான் மறுத்துவிட்டேன் மகன். ஒரு கதவில் எழுதியது பொய் என்று தெரிந்தால் மற்றக் கதவுகளில் உள்ளதையும் நம்ப மாட்டார்கள் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பின்பக்கமாகப் போய்விட்டார். வந்தவர்கள் எந்தக் கதவு என்று யாரையும் கேட்கவே இல்லை. வரிசையில் வெறுமையாக இருந்தது அந்த ஒரு கதவுதான். தையல் மெஷின்களைத் தெருவில் இழுத்துப் போட்டுக் கொளுத்தினார்கள், நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

புஷ்பராணி என்னுடைய பத்தாம் வகுப்புப் பிள்ளை, டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை. பள்ளிக்கூடம் திறந்த பிறகு லுணுகலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் சித்தப்பா வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போனாள். பிள்ளைகள் இனவெறிப் பேச்சைக் கேட்டு வளர்கிறார்களே என்று, அரசியல் வெறி எப்படி ஒரு நாட்டைப் பிடிக்கிறது என்பதை நான்தான் முன்நின்று படிப்பித்தேன். ஜேர்மனியில் ஹிட்லரின் ஆட்கள் யூதர்களின் கடைகளில் அடையாளம் போட்டு, உள்ளே போகாதே என்று வாசலில் நின்றதைச் சொன்னேன். அதே வகுப்பில் படிக்கிற காமிலா எழும்பி, எங்க வாப்பாட கடைக்கும் டீச்சர்தானே எழுதித் தந்தீங்க, அதாலதானே தப்பினோம் என்று பெருமையாகச் சொன்னாள். வகுப்பு முழுக்கப் புஷ்பராணியைத் திரும்பிப் பார்த்தது. நான் அது வேறு இது வேறு என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்தைத் திறக்கச் சொன்னேன். அடுத்த நாளிலிருந்து அவள் வரவில்லை.

சனிக்கிழமை லுணுகலைக்குப் போனேன். வாப்பா வேண்டாம் என்றார், தனியாகவே போனேன். நல்லையா எழும்பி நின்று, வாங்க டீச்சரம்மா என்றார், அவர் மனைவி தேத்தண்ணீர் தந்தாள். பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்புங்கள் என்று மட்டும்தான் எனக்குக் கேட்க வாய் வந்தது, நான் செய்ததைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. அதற்குள் புஷ்பராணி வெளியே வந்தாள். அது வேற இது வேறன்னு சொன்னீங்களே டீச்சர், எப்புடி வேறன்னு சொல்லாமலே போயிட்டீங்க, பரீட்சையில கேட்டா நான் என்னன்னு எழுதறது என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். நான் கோப்பையை வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

நேற்று வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். நல்லையா கேட்டதையும் நான் மறுத்ததையும் சொன்னேன். அப்ப எங்களுக்கு எழுதாம இருந்திருக்கணுமா டீச்சர் என்று காமிலா அழுதுவிட்டாள். இல்லை, அவர்களுக்கும் எழுதியிருக்க வேண்டும், பிடிபட்டிருந்தால் எல்லோரும் சேர்ந்தே பிடிபட்டிருப்போம் என்றேன். பின்னேரம் காமிலாவின் வாப்பா வந்து, ஊரைக் காட்டிக் கொடுக்கிறீங்களா டீச்சர் என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். உன் வாப்பாவும் என்னோடு பேசவில்லை. நான் இவ்வளவு காலமும் பிள்ளைகளுக்குப் படிப்பித்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது மகன், வெறிபிடித்தவன் எங்கோ தூரத்தில் இருக்கிறான் என்றுதானே சொல்லிக்கொடுத்தேன்.

நேரத்துக்குத் தொழு, கூட வேலை செய்கிற தமிழ்ப் பிள்ளைகளோடு நல்லபடி இரு. அல்லாஹ் உன்னைக் காப்பாற்றி, உன் உழைப்பில் பரக்கத் செய்வானாக. ஒரு துஆ மட்டும் மறக்காமல் கேள், புஷ்பராணி வந்து அந்தப் பரீட்சையை எழுத வேண்டும். அவள் என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்காதே, அது அவள் பாடு. இன்றும் அவள் இடம் காலியாகத்தான் இருந்தது.

உன் உம்மா
ஸித்தி ஸுபைதா