எருமைக்குத் தேறல், மாமாவுக்குச் சாராயம்

நாக்கில் நியாயம் வைத்திருந்த என் மாமாவுக்கு,

நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிவிட்டது. இத்தனை நாள் நான் எழுதாததற்குத் துக்கம் காரணம் இல்லை. கோபம்தான் காரணம். அது இன்னும் ஆறவில்லை. ஆனால் அடுத்த மாதம் உங்கள் வருஷத் திதி வருகிறது, அதற்குள் சொல்லியாக வேண்டும். நம் நகரி வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகையில் இதைக் கொடுக்கப் போகிறேன். ஊரும் படிக்கட்டும்.

முதலில் வீட்டுச் சேதி. அக்கா நன்றாக இருக்கிறாள், முழங்கால் வலி மட்டும் விடவில்லை. உங்கள் மகன் தயாளனுக்குப் பெண் பிறந்திருக்கிறது, உங்கள் மூக்கு அப்படியே. புளி இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது. எல்லை பிரித்ததில் திருத்தணி மதராஸ் பக்கம் போனதும் நாம் ஆந்திராவில் நின்றதும் பழகிப்போச்சு என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்குப் பழகவில்லை. நீங்கள் இருந்தால் உங்களுக்கு மட்டும் பழகியிருக்குமா?

இனி கோபத்துக்கு வருகிறேன். உங்கள் கருமாதிப் படையலில், இலைக்குப் பக்கத்தில் என்ன வைத்தார்கள் தெரியுமா மாமா? சாராயம். ஒரு பாட்டில் சாராயமும் ஒரு பெரிய கண்ணாடி டம்ளரும். உங்களுக்கா? சாராயம் காய்ச்சுகிறவன் தெருவில் எதிரே வந்தால் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு போன மனிதருக்கா? போட்டோவில் நீங்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தது போல எனக்கு இருந்தது.

படிக்கிறவர்களுக்கு விவரம் சொல்லிவிடுகிறேன். என் அக்கா வீட்டுக்காரர் முனிரத்தினம் குடித்தார், அதை மறைக்கப் போவதில்லை. அவர் குடித்தது தேறல். தேனில் நாலு பங்கு தண்ணீர் விட்டு, உலர்ந்த திராட்சை கொஞ்சம் போட்டு, ஊறுகாய் ஜாடியில் வாயைத் துணியால் கட்டிப் புளிக்க வைத்து, பிறகு மாதக்கணக்கில் தெளிய வைத்தால் கிடைப்பது. ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாடு முடிந்ததும், வைக்கோல் கொட்டகையில் நானும் அவரும் உட்காருவோம். அளவுக்கு ஒரு பாலாடை வைத்திருந்தார். தயாளன் கைக்குழந்தையாக இருந்தபோது பால் புகட்டிய வெள்ளிப் பாலாடை. ஆளுக்கு ஒன்று, அவ்வளவுதான். இரண்டாவதுக்கு நான் கை நீட்டினால், "ருசி பாக்க வந்தியா, குடிக்க வந்தியா?" என்று முறைப்பார்.

அவர் வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். விழுங்கிய பிறகு சொல்லுவார், நான் நோட்டில் எழுதுவேன். அந்த நோட்டு இப்போது என் முன்னால் இருக்கிறது. மாமா, நீங்களும் கேளுங்கள், நீங்கள் சொன்னதைத்தான் படிக்கிறேன்.

'புளியம்பூத் தேன், ஆறு மாதம். இனிப்பு துளியும் இல்லை. முதலில் ஒன்றும் தெரியவில்லை. விழுங்கிய பிறகு மெதுவாக வந்து உட்காருகிறது, அழைக்காத சம்பந்தி மாதிரி. உட்காரட்டும்.'

'சந்திரகிரி மலைத்தேன், தேன் கூடுதலாகப் போட்டது. இனிப்பு வாயை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. சாப்பாட்டுக்குப் பின்னால் சரி, முன்னால் வேண்டாம்.'

'நாவல்பழம் சேர்த்தது. நிறத்தைப் பார்த்து ஏமாந்தேன். துவர்ப்பு முன்னால் நிற்கிறது, தேன் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறது. இன்னொரு வருஷம் வைத்தால் முன்னால் வரும். யாரும் தொடக்கூடாது.'

'சுக்கும் ஏலக்காயும் போட்டது. நடேசனின் யோசனை. கஷாயம்.'

அந்தக் கடைசி வார்த்தைக்காக மூன்று வாரம் நான் நோட்டில் எழுதினேனே தவிர உங்களோடு பேசவில்லை, ஞாபகம் இருக்கிறதா? என் கையாலேயே அதை எழுத வைத்தீர்கள். இப்போதும் சொல்கிறேன், அது கஷாயம் இல்லை.

அக்கா தேனை அடுப்பில் வைத்துவிட்டுக் கன்றுக்குட்டியைத் துரத்தப் போய், தேன் பொங்கிக் கருகின கதை அடுத்த பக்கத்தில். கொட்டிவிடலாம் என்றேன் நான். நீங்கள் கேட்கவில்லை, அதையும் ஜாடியில் ஊற்றினீர்கள். எட்டு மாதம் கழித்துச் சொன்னீர்கள்: 'கருகிய தேன். புகை வாசனை, வெல்லப்பாகு வாசனை, கடைசியில் ஒரு கசப்பு, அந்தக் கசப்புதான் அழகு. தப்பாகப் போனது. இதுவரை செய்ததில் இதுதான் முதல் தரம்.'

நோட்டில் ஒரே ஒரு ஞாயிறுக்கு மட்டும் ருசிக் குறிப்பு இல்லை. எல்லைக் கோடு முடிவான வாரம் அது. 'இன்று ருசி பார்க்கவில்லை, நாக்கு கசந்து கிடக்கிறது' என்று எழுதச் சொன்னீர்கள். இப்படி நாக்குக்கு நேர்மையாக இருந்தவருக்குத்தான் சாராயம் வைத்தார்கள்.

சரி, வைத்தவர்கள் யார்? அங்கேதான் என் கோபம் சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து நிற்கிறது.

மதுவிலக்குச் சட்டம் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான். நான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. எல்லை பிரித்த சமயத்தில் யார் இங்கே, யார் அங்கே என்று எங்களையும் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மொட்டைக் கடிதம் போனால் போதும், என் வேலை போய்விடும். அதனால் நான்தான் ஒரு யோசனை சொன்னேன். பாட்டிலுக்குப் பாட்டில் 'மாட்டு மருந்து' என்று என் குண்டு எழுத்தில், தமிழிலும் தெலுங்கிலும், சீட்டு எழுதி ஒட்டினேன்.

"இன்னாடா மச்சான், அப்போ நாம ரெண்டு பேரும் மாடா?" என்று சிரித்தீர்கள். உங்களுக்குப் பயம் இல்லை. எனக்காகத்தான் ஒத்துக்கொண்டீர்கள்.

பிறகு அந்த மார்வலி வந்தது, மூன்றே நாளில் போய்விட்டீர்கள். கருமாதிக்கு இரண்டு நாள் முன்னால் எருமைக்கு வயிறு உப்பிக்கொண்டது. தயாளன் கொட்டகைக்கு ஓடினான், மாமன் நான் எழுதிய சீட்டைப் படித்தான், மூங்கில் குழாயை எருமை வாயில் வைத்து ஊற்றினான். ஐந்து பாட்டில். நாவல்பழத் தேறல் மாமா. இன்னொரு வருஷம் யாரும் தொடக்கூடாது என்று நீங்கள் சொன்னது. எருமை சாயங்காலம் வரைக்கும் காலை நீட்டிப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"உங்க மருந்து நல்லா வேல செய்யுது மாமா," என்றான் என்னிடம். "இன்னும் நாலு பாட்டில் செஞ்சி குடுங்க." நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது?

கருமாதி அன்று காலையில் இலை போட்டாயிற்று. அதிரசம், வடை, கத்தரிக்காய்க் குழம்பு, உங்களுக்குப் பிடித்தது ஒவ்வொன்றாக வந்தது. செத்தவருக்கு ஆசைப்பட்டதை வைக்காமல் விட்டால் ஆத்மா ஆறாது என்று அக்கா வீட்டில் அதை ஒழுங்காகச் செய்வார்கள். தயாளன் என் பக்கம் திரும்பினான்.

"மாமா, நைனா இன்னாவோ குடிப்பாருன்னு ஊர்ல சொல்லிக்கினு கீறாங்க. கொட்டாயில கூட ஒக்காந்துக்கினு இருந்தது நீங்கதான். இன்னா குடிப்பாரு, சொல்லுங்க. அதையே வச்சிடலாம்."

உங்கள் சித்தப்பா மகன், அந்தப் போலீஸ் ஏட்டு, எதிரே காக்கி நிஜாரோடு உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு இலையைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியாதுப்பா," என்றேன்.

ஏட்டுதான் முடித்துவைத்தார். "குடிக்கிறவருக்கு இன்னா, எல்லாம் ஒண்ணுதான். ஸ்டேஷன்ல புடிச்சது ஒரு பாட்டில் கீது, கொண்டாரேன். பர்வாலேது, ஒண்ணும் தப்பில்ல." போனார், கொண்டுவந்தார், வைத்தார். பிடிக்கிறவரே கொண்டுவந்து படைக்கிறார், ருசி பார்த்தவன் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறான். கற்பூரம் காட்டும்போது பின்னால் ஒரு பெண்பிள்ளை சொன்னாள், "பாவம், குடிச்சே பூட்டாரு." அதையும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். ஆயுசு முழுக்க ஞாயிற்றுக்கு ஒரு பாலாடை குடித்தவர், குடித்தே போனாராம்.

இந்தப் பதினோரு மாதமும் ஏட்டைத் திட்டினேன், தயாளனைத் திட்டினேன், எருமையைக்கூடத் திட்டினேன். போன வாரம் தாங்காமல் அக்காவிடம் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"எனக்கு இன்னா, தெரியாதா?" என்றாள். "தேன கரிச்சவளே நான்தானே. மாட்டு மருந்துக்கு எவனாவது பாலாடய எடுத்துக்கினு போவானா?"

"அப்போ அன்னிக்கு நீயே சொல்லியிருக்கலாமே அக்கா."

"நான் சொன்னா உன் வேல போயிடும். நீயா சொல்லணும். மூலையில ஒக்காந்துக்கினு உன் மூஞ்சியயே பாத்துக்கினு இருந்தேன்டா. நீ எலய பாத்துக்கினு இருந்த."

கீரையை அலசப் போய்விட்டாள். நான் எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று எனக்குத் தெரியாது மாமா. எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்கள் பேரை நான் விட்டுக்கொடுத்தேன், என் பேரைக் காப்பாற்றிக்கொள்ள.

எருமைக்குத் தப்பி ஒரு பாட்டில் மிச்சம் இருக்கிறது. கருகிய தேறல்தான், நீங்கள் முதல் தரம் என்று சொன்னது. அதை எடுத்துவந்துவிட்டேன். மருந்துச் சீட்டைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்தேன். அதே குண்டு எழுத்தில், தமிழிலும் தெலுங்கிலும், 'முனிரத்தினம் செய்த தேறல்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

திதி அன்று உங்கள் இலைக்குப் பக்கத்தில் நானே அதை வைப்பேன். டம்ளர் கிடையாது. பாலாடை இப்போது உங்கள் பேத்தியிடம் இருக்கிறது, அவளுக்குப் பசி அடங்கினதும் கேட்டு வாங்கி, கழுவி, நிறைய ஊற்றுவேன். தயாளன் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். ஏட்டு எதிரே உட்காரட்டும், எழுதிக்கொள்வதானால் எழுதிக்கொள்ளட்டும், என் பேரும் உத்தியோகமும் கீழே இருக்கிறது. நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படிப்பேன், அந்தக் கஷாயத்தையும் விடமாட்டேன். அன்றைக்கு நான் இலையைப் பார்க்க மாட்டேன் மாமா, அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு படிப்பேன்.

ஒரு பாலாடைதான். இரண்டாவது கேட்காதீர்கள்.

உங்களோடு கொட்டகையில் உட்கார்ந்து ருசி பார்த்த,
உங்கள் மச்சான்
நடேசன்,
தாலுகா ஆபீஸ் குமாஸ்தா