அந்துருண்டை வாடை

அன்புள்ள மதினிக்கு,

கெர்லிங்கு ஊர்ல பிள்ளைங்களோட சுகமான்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரல. இதைத் தபால்ல போடாம ஆள் கையில குடுத்து விடறேன். படிச்சதும் அடுப்புல போட்டுடுங்க.

இன்னிக்குப் பங்களாவுல தொரைசானியோட கம்பளிச் சாமான்களுக்கு வெயில் காட்டிப் பெட்டியில அடுக்குற வேலை. எல்லாம் சீமைக்குப் போறப்ப போடுற குல்லா, கையுறை, மப்ளர். மடிப்புக்கு மடிப்பு அந்துருண்டை வைக்கணும், இல்லேன்னா பூச்சி அரிச்சிடும். மறுபடி எடுத்துப் போடறதுக்கு முன்னால வெயில்ல நல்லாக் காயவிட்டு உதறணும். அப்பத்தான் அந்த வாடை போகும்.

ஒரு மப்ளர் குறையுது. சீமையிலேயே விட்டுட்டேன் போலன்னு தொரைசானி தன்னையே திட்டிக்கிறாங்க.

வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டுக்குப் போன அண்ணன் அங்க காய்ச்சல்ல நடுங்குறாருன்னு நீங்க அழுதப்ப, பெட்டியில இருந்து எடுத்த கையோட உங்ககிட்ட நீட்டினேனே, அதுதான். வெயில்ல போட்டா யாராச்சும் பாத்துடுவாங்களோன்னு பயந்துட்டேன்.

பட்டாளம் அண்ணனைச் சுட்டுக் கொண்டுவந்து போட்டப்ப, காட்டிக்குடுத்தது நம்மள வேலை வாங்குற மண்டோர்தான்னு அவர் வாசல்ல மண்ணை வாரித் தூத்திட்டு ஊரை விட்டுப் போனீங்க. இப்ப அவர் பிள்ளை படுத்த படுக்கையாக் கிடக்குது. உங்க சாபம்தான்னு லயத்துச் சனமே பேசுது.

நேத்துத் தொரையோட தேத்தண்ணி குடிக்க வந்த பட்டாளத்து ஆபீசர் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு: "காட்டு நடுவுல, எங்கம்மா பீரோவைத் தொறந்த மாதிரி ஒரு வாடை. அதைப் புடிச்சுக்கிட்டே போனோம்." நான் தட்டை ஏந்திக்கிட்டுப் பக்கத்துலயே நின்னேன்.

மண்டோர் ஒண்ணும் சொல்லல மதினி. வந்து அந்தச் சாபத்தை எடுத்துடுங்க. வாரித் தூத்துறதுக்கு மண்ணு என் வாசல்லயும் இருக்கு.

உங்க நாத்தனார்