என் பெயரின் கீழே தூங்கும் அண்ணனுக்கு

என் அருமை அண்ணா,

வேண்டிய மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தாயிற்று. இனி முடியாது.

சர்க்கார் உபகாரச் சம்பளம் நினைவிருக்கிறதா? நம் மயிலாப்பூர்க் கடற்கரைக் குப்பத்துப் பிள்ளைகள் வலை இழுக்கப் போகாமல் பள்ளிக்கூடத்தில் நின்றால் மாதாமாதம் பணம். ஆனால் வீட்டுக்கு ஒரு பிள்ளைக்குத்தான்; அந்தப் பிள்ளை இல்லையென்றால் பணமும் இல்லை. நம் வீட்டில் உன்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு அந்தப் பணத்தில்தான் அடுப்பு எரிந்தது.

விடுமுறையில் காய்ச்சல் வந்து நீ போய்விட்டாய். அம்மா அழுது ஓய்ந்ததும் உன் சட்டையை எனக்கு மாட்டினாள்.

"இனிமே நீதான்டா பெரியவன். சின்னவனேன்னு எவனாவது கூப்ட்டா திரும்பாதே."

உன் சிலுவையில் என் பெயரை எழுதவைத்தாள். குப்பத்துக்கே தெரியும், யாரும் வெளியே சொல்லவில்லை. மீன் விற்கும் அத்தை மட்டும் என்னைக் கண்டால் விடமாட்டாள்: "செத்தவன் இன்னாமா கொழுத்துகினு வரான் பாருங்கடி!"

நமக்கு ஒரே முகம். பள்ளி திறந்ததும் வாத்தியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காய்ச்சல்ல ரொம்ப இளைச்சுட்டியேடா" என்றார். அவ்வளவுதான்.

உன் பெயரில் படித்தேன். உத்தியோகமும் கல்யாணமும் உன் பெயரில்தான். ஆபீசில் யாராவது அந்தப் பெயரைக் கூப்பிட்டால் இன்றும் முதலில் எனக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன். நான் பதில் சொல்வதற்கு முன் யாரோ மூச்சை இழுக்கும் சத்தம் கேட்கிறது. அது நீயா, அண்ணா?

சென்ற கல்லறைத் திருநாளில் அம்மா சிலுவையைத் தடவி, என் பெயரைச் சொல்லி அழுதாள். மெழுகுவர்த்தியை என்னிடம் நீட்டினாள். எனக்கு நானே ஏற்றினேன். பொறுக்கவில்லை. "அம்மா, நான் இங்க கீறேன். நான்தான் சின்னவன்" என்றேன்.

அவள் திரும்பவே இல்லை. "சும்மா இரு, பெரியவனே. தம்பி தூங்குது."

அவள் நடிக்கவில்லை. நான் உண்மையிலேயே செத்துவிட்டேன் என்றுதான் இப்போது நம்புகிறாள். உனக்காக அழ யாரும் இல்லை. உன்மேல் எனக்கு இருக்கும் கோபத்தில் இது ஒன்றுதான் சற்று ஆறுதல். இப்படிச் சொல்வது தப்பா?

அந்த உபகாரச் சம்பளத்தை நிறுத்தலாமா என்று இப்போது பேச்சு நடக்கிறது. அந்தப் பணத்தில் படித்து முன்னுக்கு வந்தவர்கள் பெயர் போட்டு ஆதரவு எழுதும்படி பத்திரிகையில் கேட்டிருக்கிறார்கள். உனக்கு எழுதும் இதையே அவர்களுக்கும் அனுப்புகிறேன். சர்க்கார் ஐயாமார்களே, நிறுத்தாதீர்கள். ஆனால் ஒரே வீட்டில் இரண்டாவது பிள்ளைக்கும் பசிக்கும் என்பது உங்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையா?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அண்ணா. அடுத்த கல்லறைத் திருநாளில் அம்மா எனக்காக அழட்டும். பக்கத்தில் நின்று நான் உன் பெயரைச் சொல்லி அழுவேன்.

பேனா கையெழுத்திடும் இடத்தில் நிற்கிறது. உன் பெயரைப் போட்டால் பொய். என் பெயரைப் போட்டால் கல்லறையிலிருந்து வந்த கடிதம். இரண்டும் வேண்டாம். பெயரில்லாமலே பத்திரிகைக்குத் தபாலில் சேர்க்கிறேன்.

உன் தம்பி