தோள் ஒட்டும்வரை

மார்ச் 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போனில் பேசினால் உன் அக்கா காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். அதனால்தான் கடிதம். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காதே, இடது கையால் எழுதுகிறேன்.

ஊசி போட்டாகிவிட்டது. என் ரத்தத்தையே எடுத்து, மெஷினில் சுழற்றி, தெளிந்த பகுதியைத் தோளில் கிழிந்த தசைநாரிலேயே ஏற்றினார்கள். "உங்க ரத்தத்துல இருக்கிற சத்துதான் அதை ஆத்த உதவணும். எல்லாருக்கும் கேட்கும்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர். வலி உயிர் போகிறது. வழக்கமான வலி மாத்திரையும் கூடாதாம், அது ஆறுவதைத் தடுக்குமாம். நல்ல வைத்தியம் போ!

என் கவலை வேறு. நாம் ஜோடி சேர்ந்து பெயின்ட் அடிக்க ஆரம்பித்ததிலிருந்து சீலிங் எனக்கு, சுவர் உனக்கு. ஏணியில் இரண்டு படி ஏறினாலே உனக்குத் தலை சுற்றும் என்பது மேஸ்திரிக்குத் தெரியாது. தெரிந்தால் உன்னை வேலையைவிட்டே அனுப்பிவிடுவார். எதையாவது சொல்லிச் சமாளி. சீக்கிரம் வந்துவிடுகிறேன்.

உன் மச்சான்

ஏப்ரல் 2

அன்புள்ள மச்சானுக்கு,

அது கடிதமா, கோழிக் கிறுக்கலா? படித்து முடிக்க அரை நாள் ஆனது.

நாம் எடுத்த கல்யாண மண்டபத்தில் சுவரெல்லாம் முடிந்தது. சீலிங் பூச்சு இன்னும் காயவில்லை என்று புளுகிக்கொண்டிருந்தேன். மேஸ்திரி நேற்று ஏறித் தொட்டுப் பார்த்துவிட்டு, "காஞ்சு கருவாடாக் கிடக்குது, என்னப்பா கதை விடுற?" என்றார். இந்த மாதக் கடைசிக்குள் ஆரம்பிக்காவிட்டால் வேறு ஜோடியாம். நீங்கள் இதை மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள். டாக்டர் சொன்ன பயிற்சியை மட்டும் விடாதீர்கள்.

மாப்பிள்ளை

ஏப்ரல் 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நல்ல செய்தி. வலி முக்கால்வாசி போய்விட்டது, இது வலது கையால் எழுதியது! ஸ்கேன் பார்த்த டாக்டர்தான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். "வலி போனா ஒட்டிடுச்சுன்னு அர்த்தம் இல்லைங்க. கிழிசல் இன்னும் இருக்கு. இப்பப் போய் தலைக்கு மேல கையைத் தூக்கி வேலை பார்த்தா முழுசா அறுந்துடும்" என்றார். மண்டையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். உன் பிழைப்பு போவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா உட்கார முடியாது. அடுத்த வாரம் பஸ் ஏறுகிறேன். அக்காவிடம் மூச்சு விடாதே.

உன் மச்சான்

ஏப்ரல் 18

மச்சான்,

பஸ் ஏறாதீர்கள். அக்காவுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் போட்டுக்கொடுத்துவிட்டேன். இதற்குள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

மேஸ்திரியிடமும் சொல்லிவிட்டேன். "அண்ணே, எனக்கு உயரம்னா பயம். இத்தனை நாளும் மச்சான்தான் என் வேலையையும் சேர்த்துத் தூக்கினாரு. அதுலதான் அவர் தோள் போச்சு." மனிதர் சீலிங்கை அண்ணாந்து பார்த்தார். அப்புறம், "ஏணி வேண்டாம். சாரம் கட்டித் தர்றேன், சுத்திக் கம்பி இருக்கும். ஏறிப் பாரு" என்றார்.

ஏறினேன் மச்சான். ஒரு கையால் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டேதான் அடித்தேன். ஒரு மூலையை முடிக்க முழு நாள் பிடித்தது. அதுவும் திட்டுத்திட்டாக இருக்கிறது, பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வீர்கள்.

உங்கள் தோள் மெதுவாகவே ஒட்டட்டும். ஒட்டாமலே போனாலும் நான் வேறு யாரோடும் ஜோடி சேரமாட்டேன். கீழே நின்று செய்கிற வேலை எவ்வளவோ இருக்கிறது.

பயம் போகவில்லை. நாளைக்கும் ஏறுவேன்.

உங்கள் மாப்பிள்ளை