பெட்டி நிற்கும் இடத்தில்

பாசமுள்ள என் மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான் சௌக்கியம், முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் இதைத் தொடங்குகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் சரிப்பா, அப்புறம் பேசறேன்பா என்று வைத்துவிடுவாய், உன்னைக் குறை சொல்லவில்லை, உனக்கு ஆபீஸ் அவசரம். ஆனால் இது அப்படிச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லையம்மா.

வீட்டில் புதிதாக ஒன்றும் இல்லை. சமையல் நானேதான், உப்பு ஒரு நாள் தூக்கலாக, ஒரு நாள் மறந்தே போகும். டிவியைப் போட்டுவிட்டு அடுத்த அறையில் போய் உட்கார்ந்துகொள்கிறேன், யாரோ பேசுகிற சத்தம் காதில் விழுந்தால் போதும் என்று. ஒரு காலத்தில் சத்தம் தாங்காமல் வாசலுக்கு ஓடின மனுஷன் நான். நாளெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு வந்தவனுக்குச் சாயங்காலம் வீடு நிறைய அம்மாவிடம் பாட்டுக் கற்க வந்த பிள்ளைகள் பாடினால் எப்படி இருக்கும் சொல்லு. உங்களுக்குத் தெரிஞ்ச ஒரே ராகம் ஹார்ன்தான் என்று உன் அம்மா கேலி பண்ணுவாள். இப்போது கேலி பண்ணக்கூட ஆள் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

போன வாரம், அவள் பாட்டு டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். நாற்காலி பத்தாமல் சுவரோரமெல்லாம் ஆட்கள், பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள். பரீட்சை சமயத்தில் பாட்டுப் பீரியடை இரவல் கேட்கப் போன கணக்கு வாத்தியாரை, கதவை மறித்துக்கொண்டு, என் பிள்ளைங்களை வேணும்னா கூட்டிட்டுப் போங்க, பாடிக்கிட்டேதான் வருவாங்க என்று திருப்பி அனுப்பினாளாம், அவரே மேடையில் சொல்லிச் சிரித்தார். நம் மருந்துக்கடைக்காரர் சின்ன வயதில் தகரத்தைத் தேய்த்த மாதிரி பாடுவாராம். வாயை மட்டும் அசை என்று அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை, முன்வரிசையில் நிறுத்தினாள் என்று சொன்னவர் மைக்கை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார். நான் குனிந்து செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பிள்ளைகள் பாடினார்கள். புதிதாக வந்திருக்கும் பாட்டு டீச்சர் சின்னப் பெண், உன் வயதுகூட இருக்காது, தன்னுடைய கீபோர்டைக் கொண்டுவந்து வாசித்தாள். நன்றாகத்தான் போயிற்று, ஆனால் ஒரு சுரம் வரும்போதெல்லாம் பிள்ளைகள் கூரை பறக்கிற மாதிரி கத்தினார்கள். அவள் கையைக் காட்டி அடக்கிப் பார்த்தாள், ம்ஹும். அடுத்த பாட்டில் பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள், அதே இடத்தில் தபால்காரரும் மருந்துக்கடைக்காரரும் சேர்ந்து ஒரே கத்தல்! கூட்டம் முடிந்ததும் அந்தப் பெண் என்னிடம் வந்து, எவ்வளவோ சொல்லிட்டேன் சார், அந்த ஒரு இடத்துல மட்டும் கத்துறாங்க, எனக்குத்தான் சொல்லிக்கொடுக்கத் தெரியலையோ என்னமோ என்று கண் கலங்கினாள். உன் அம்மா போனபிறகு அன்றைக்குத்தான் நான் வாய்விட்டுச் சிரித்தேன். சங்கீதத்தில் எனக்கு அ ஆ கூடத் தெரியாது, ஆனால் இது தெரியும்.

உனக்கும் தெரியுமே, அம்மாவின் ஆர்மோனியத்தில் நடுவில் ஒரு கட்டை ஊமை. எங்கே கொடுத்தும் அது சரியாகவில்லை, பள்ளிக்கூடத்திலும் அதை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தாள். பெட்டி நிக்கிற இடத்துல நீங்க நிக்கக்கூடாது, வாட்ச்மேனுக்குக் கேக்கிற மாதிரி பாடணும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டாள். வந்த வகுப்பெல்லாம் அப்படியே பழகிவிட்டது. கூட்டத்துக்கு மறுநாள் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அந்தப் பெண் துருத்தியை அமுக்கி வாசித்தாள், அந்த இடம் வந்தது, பெட்டி நின்றது, பிள்ளைகள் நிற்கவில்லை. அவள் அழுதுகொண்டே வாசித்தாள். நான் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன்.

கோபம் வருகிறதா? வரட்டும். அம்மா காரியத்துக்கு வந்துவிட்டுக் கிளம்பும்போது, பெட்டியை யாருக்கும் குடுத்துடாதீங்கப்பா, லீவு கிடைச்சதும் நானே வந்து எடுத்துக்கறேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். அதைத் தினமும் துடைத்து என் கட்டில் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அம்மாவின் பொருள் என்பதற்காக மட்டும் இல்லை. உன் லீவு தள்ளித் தள்ளிப் போனபோதெல்லாம், பெட்டி இங்கேதானே இருக்கிறது, எடுக்க எப்படியும் வருவாள் என்று என்னையே நான் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். உன்னை இங்கே வரவழைக்க என் கையில் இருந்தது அது ஒன்றுதான். அதையும் கொடுத்துவிட்டேன்.

குட்டிக்கு என் முத்தம். மாப்பிள்ளையை வண்டியை மெதுவாக ஓட்டச் சொல், இது பஸ்காரன் பேச்சு, தட்டக்கூடாது. நேரத்துக்குச் சாப்பிடு. மூன்று பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், எடுத்துப்போக இனி இங்கே ஒன்றும் இல்லை. சும்மா வா.

உன் ஹார்ன்கார அப்பா